இரண்டாவது கப்பித்தான்

1974ஆம் வருஷம் மாசி மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்றரை மணிக்கு, வில்லியனூர் ஷரீப் பாய் கொட்டகையில் கப்பித்தான் ககனராஜன் வேடத்தில் இருந்த சம்மந்தம், தகர விண்கப்பலோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனார். திரும்பி வரவில்லை. ஆட்டம் பாதியில் நின்றது. வழக்கமாக அந்தக் கப்பல் ஐந்தடிதான் ஏறும். பனஞ்சட்டத்தில் மாட்டிய ராட்டினத்தில் கயிறு போட்டு, திரைக்குப் பின்னால் நான்கு பேர் இழுப்பார்கள். கப்பித்தான் கைகாட்டி வசனம் பேசி முடித்ததும் மெதுவாக இறக்கிவிடுவார்கள். அன்றைக்கு ஐந்தடிக்கு மேலும் ஏறியது. இழுத்த நால்வரும் கயிறு தொய்ந்துபோய்த் தங்கள் கையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சனம் இதை ஏதோ புது வித்தை என்று நினைத்துக் கைதட்டியது. கீற்றும் மூங்கில் சிம்பும் தலையில் விழுந்த பிறகும் தட்டியது. அரைமணி நேரம் பார்த்துவிட்டு ஷரீப் பாய் மேடைக்கு வந்து, "கப்பித்தான் வர்றதுக்கு லேட்டாவும்போல இருக்குது, அடுத்த வாரம் பாத்துக்கலாம்பா" என்று சொன்னதும் கலைந்துபோனார்கள். மறுநாள் விசாரிக்க வந்த போலீஸ் ஏட்டு, காணாமல் போனவர் கடைசியாகச் சென்ற திசை என்ற இடத்தில் 'மேலே' என்று எழுதிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

அது ஐந்நூற்று நாற்பத்தோராவது வாரம். ஷரீப் பாய்க்கு வில்லியனூர் கடைத்தெருவில் பெட்ரோமாக்ஸ் விளக்கும் சாமியானாவும் வாடகைக்கு விடுகிற தொழில். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். நட்சத்திரங்களைப் பற்றிய பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார். பூமியை மனுஷன் ஒருவன் சுற்றிவந்துவிட்டான் என்று பேப்பரில் படித்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து உட்கார்ந்து ஒரு வாரக் கதையை எழுதுவார், ஞாயிற்றுக்கிழமை அது மேடை ஏறும். மாலையில் விளக்கெல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போய்விடும் என்பதால் ஆட்டம் எப்போதும் பகலில்தான். நடித்தவர்கள் எல்லாரும் தெருக்கூத்துக்காரர்கள். அதனால் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிற கப்பித்தானும் முதலில் இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று, தான் யார், எந்த ஊர், எதற்காக வந்தேன் என்று சபைக்குச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். முதல் இரண்டு வருஷம் காலில் சலங்கைகூடக் கட்டியிருந்தார். பாகூரிலிருந்தும் நெட்டப்பாக்கத்திலிருந்தும் கட்டுச்சோற்றோடு வண்டி கட்டி வந்து பார்த்தார்கள். பத்து வருஷத்தில் கப்பல் செவ்வாய், வெள்ளி, சனி எல்லாம் தாண்டிவிட்டது. கதை முடியவில்லை. முடியவேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கப்பித்தானின் நீலக் கோட்டைப் போட்டுக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அப்படி வந்தவன்தான் ஆதிமூலம். ஊர் கரியமாணிக்கம், தொழில் கீற்று முடைந்து கூரை வேய்வது, வயது முப்பத்து நான்கு. பத்து வருஷமாக அவன்தான் செவ்வாய் ராட்சசன். தேங்காய் நாரும் சாக்கும் வைத்துத் தைத்த உடுப்புக்குள் புகுந்து, கண்ணுக்கு இருந்த இரண்டு ஓட்டை வழியாக மேடையையும் சனத்தையும் பார்த்து, வாரம் ஒருமுறை கப்பித்தான் கையால் குத்துப்பட்டுச் செத்துக்கொண்டிருந்தான். ராட்சசனைத் தெரியாத குழந்தை அந்தப் பக்கத்தில் கிடையாது. ஆதிமூலத்தின் முகத்தைத் தெரிந்தவர் கொட்டகையில் பத்துப்பேர் இருந்தால் அதிகம். செத்துக் கிடக்கிற நேரத்திலெல்லாம் கப்பித்தானின் வசனத்தைக் காதால் கேட்டுக் கேட்டு முழுசாக மனப்பாடம் பண்ணிவைத்திருந்தான். சம்மந்தம் மேலே போனதைப் பார்த்து எல்லோரும் அழுதபோது அவனும் அழுதான், அது பொய்யில்லை. ஆனால் மனசின் ஒரு மூலையில் சந்தோஷமும் வந்தது. அதை அவன் பெண்டாட்டி தாயாரம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

தப்பு முதல் நாளே நடந்துவிட்டது. திரைக்குப் பின்னால் நின்று 'அண்ட சராசரம் அளந்த கப்பித்தான் ககனராஜன் நானே' என்று சொல்லியிருக்க வேண்டும். முன்வரிசையில் சம்மந்தத்தின் மனைவி குப்பு உட்கார்ந்திருந்ததை அவன் திரை ஓரமாகப் பார்த்துவிட்டான். வீராம்பட்டினத்திலிருந்து தினமும் மீன்கூடையைச் சுமந்துவந்து வில்லியனூரில் விற்பவள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்ததும் காலிக்கூடையோடு நேரே கொட்டகைக்கு வந்துவிடுவாள். அவள் முகத்துக்கு நேரே அந்த வரியைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. மரியாதைக்காக, "சம்மந்தம் அண்ணன் திரும்பி வருகிற வரைக்கும், அவர் இடத்தில் நிற்க வந்த ஆதிமூலம் நான்" என்று சொல்லிவிட்டுத் திரையை விலக்கினான். கூத்தில் திரைக்குப் பின்னால் நின்று சபைக்குச் சொன்னதை மாற்ற முடியாது. அர்ச்சுனன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் விடியும்வரை அர்ச்சுனன்தான். இதுவோ முடியாத ஆட்டம், வாராவாரம் அவன் இதையேதான் சொல்லிக்கொண்டு வரவேண்டும். ஷரீப் பாய் பக்கவாட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். சனம் மட்டும் திருப்தியோடு தலையாட்டியது. இந்த ஆள் யோக்கியன் என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, நானூறு தலையும் ஒவ்வொன்றாக அண்ணாந்து கூரை ஓட்டையைப் பார்க்க ஆரம்பித்தது.

அதற்குக் காரணம் குப்புதான். அவள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் சொன்ன நாளில் திரும்பாவிட்டால், அவன் கட்டுமரம் புறப்பட்ட இடத்தில், புறப்பட்ட நேரத்தில், பெண்டாட்டி போய் நின்று அவன் போன திசையைப் பார்க்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. திரும்பி வருகிறவனுக்குக் கரையில் முதலில் தெரிவது தன்னைப் பார்க்கிற ஒரு முகமாக இருக்க வேண்டும்; அது தெரியாவிட்டால் இது வேறு ஊர் என்று நினைத்துப் போய்விடுவான் என்பார்கள். சம்மந்தம் ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு மேலே போனவர் என்பதால் குப்பு ஞாயிறுதோறும் மூன்றரை மணிக்கு மேலே பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் துணைக்குப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் கொட்டகையே பார்த்தது. ஆட்டம் தொடங்கும் இரண்டரை மணியிலிருந்தே, தவறவிட்டுவிடப் போகிறோமோ என்று பார்த்தது. ஓட்டையை வேய்ந்துவிடலாம் என்று ஷரீப் பாய் ஒருமுறை வாயெடுத்தார், அத்தோடு சரி. பாகூர்ப் பக்கமிருந்து ஒரு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பைனாகுலரோடு வந்து உட்கார்ந்தார். மழை நாளில் ஓட்டை வழியாக மேடையில் தண்ணீர் கொட்டியபோது பெண்கள் அதைச் செம்பில் பிடித்துப் பிள்ளைகள் தலையில் தெளித்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் டீக்கடையில் ஆதிமூலத்தைப் பற்றிப் பேச்சு நடக்காமல் இல்லை. நடை சரியில்லை என்றார்கள். சம்மந்தம் கட்டுமரத்தில் நின்று பழகிய கால், அகட்டி வைத்தால் கப்பல் ஆடுவது நமக்குத் தெரியும். இவன் ஏணியில் நிற்கிறவன் மாதிரி நிற்கிறான் என்றார்கள். குரல் பரவாயில்லை என்றார்கள். மூக்கைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது. சம்மந்தம் கப்பலில் ஏறுமுன் ஒருமுறை தொண்டையைச் செருமுவார். இவன் செருமினால் பாவனை என்றும் செருமாவிட்டால் அகம்பாவம் என்றும் சொன்னார்கள். இதையெல்லாம் அவன் டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு வந்து, வீட்டில் காலை அகட்டி அகட்டி நின்று பழகினான். ஆனால் பேசியவர்கள் எல்லோரும் காதால் கேட்டதையும் முதல் நாள் பார்த்ததையும் வைத்துத்தான் பேசினார்கள். மேடையில் அவனைப் பார்க்க ஒருவருக்கும் கண் ஒழியவில்லை.

சித்திரையில் அவன் கால் விரல்கள் தெரியாமல் போயின. வலி ஒன்றும் இல்லை. வைகாசியில் கணுக்கால் வரை போயிற்று. அரிதாரம் பூசுகிற உலகநாதன்தான் அடுத்ததைக் கவனித்தான். காதுக்குக் கீழே பூச இடம் இல்லையே என்று மாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அந்த வருஷம் ஐப்பசி மழை முடிவதற்குள் ஆதிமூலம் முழுசாக மறைந்துவிட்டான். உடம்பில் இருக்கிற துணியும் கூடவே மறையும். அவிழ்த்துக் கொடியில் போட்டால் தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்தால் மடியில் ஆள் உட்கார்ந்தார்கள். நாவிதர், தெரியாத தாடியை எப்படிய்யா வழிக்கிறது என்று கையை விரித்தார். ரேஷன் கார்டுக்கு ஆள் நேரில் வரவேண்டும் என்றார் அலுவலர்; நேரில்தான் நிற்கிறேன் என்று இவன் சொன்னதும், குரலை எழுதிக்கொள்ளக் கட்டம் இல்லை என்றார். தாயாரம்மாள் பாயில் விழுகிற பள்ளத்தையும் பீடிப் புகையையும் பார்த்து அவன் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு சோறு போட்டாள். தொட்டால் சூடாக இருந்தான். கட்டினவள் ஒருத்தி பார்த்தால் போதாதா என்றால், போதவில்லை. வாரம் நானூறு பேர் பார்க்காமல் இருப்பதை அவள் ஒருத்தியால் ஈடுகட்ட முடியவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி அவள் அழுதாள். அவனும் அழுதான், அவன் கண்ணீர் தரையில் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

வேடத்தைவிட்டு நின்றுவிடலாம் என்று பார்த்தான். ஒரு ஞாயிறு உலகநாதனைக் கப்பித்தானாக நிற்கச் சொல்லிவிட்டுப் பழைய ராட்சச உடுப்புக்குள் புகுந்து மேடைக்குப் போனான். குப்பு ஒருத்தியைத் தவிரக் கொட்டகை முழுக்கக் குனிந்து பார்த்தது. குழந்தைகள் சந்தோஷத்தில் வீறிட்டார்கள். சனம் பார்த்தது ராட்சசனைத்தான், அதனால் சாக்கும் நாரும் நன்றாகவே தெரிந்தன. உடுப்பை விலக்கி நெஞ்சைப் பார்த்தான், அங்கே ஒன்றும் தெரியவில்லை. இந்தச் சாக்குக்குள் இருந்தால்தான் தான் உண்டு என்றால், அப்படி இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது. உலகநாதன் அதே ஞாயிறு தன் சுண்டுவிரல் மங்கியதைப் பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பல்லுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான். அடுத்த வாரம் கோட்டு மறுபடி ஆதிமூலத்திடம் வந்தது. ஆட்டத்துக்கு வருகிற கூட்டம் குறையவில்லை என்பதால் ஷரீப் பாய்க்கு நிறுத்தவும் மனசு வரவில்லை.

1975 ஆனியில் ஒருநாள் காலை அவன் குப்பு மீன் விற்கிற இடத்துக்கே போனான். அவள் ஒரு வவ்வால் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி விலை பேசிக்கொண்டிருந்தாள். வாங்க வந்தவள் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, "அண்ணி, நான் ஆதிமூலம்" என்றான்.

குப்பு திடுக்கிடவில்லை. கூடையைத் தன் பக்கம் இழுத்து அவனுக்கு இடம் விட்டாள். "ஒக்காரு தம்பி. வெயில்ல நிக்காத."

"நான் இன்னா தப்பு பண்ணேன் அண்ணி? ஒரே ஒரு வாட்டி நீங்க என்னைப் பாத்தீங்கன்னா போதும். நீங்க பாத்தா ஊரே பாக்கும்."

அவள் ஈயை விரட்டினாள். "நீ ஒரு தப்பும் பண்ணல. உன் பேர்ல எனக்குக் கோவம் இன்னா இருக்குது? ஆனா நான் குனிஞ்சு உன்னைப் பாத்துட்டேன்னா, அந்த மனுஷன் இனிமே வரமாட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும் தம்பி. என் வாயால சொல்லாததை என் கண்ணால சொல்லச் சொல்றியா?"

ஆதிமூலம் எழுந்து போனான். அவன் போனது தெரியாமல் அவள் இன்னும் கொஞ்ச நேரம் அந்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒன்றரை வருஷம் அவன் பட்ட பாட்டை ஒவ்வொன்றாகச் சொல்லி மாளாது. லூர்து மாதா குளத்தில் முழுக்குப் போட்டான். வில்லியனூர்ப் பெரிய கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்தான். பின்னால் உருண்டு வந்தவர்கள் அவன்மேல் ஏறிப் போனார்கள். மேடையில் வசனத்தை நிறுத்திவிட்டு, "ஐயா, அம்மா, இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று தொண்டை கிழியக் கத்தினான். புது வசனம் நன்றாக இருக்கிறது என்று மேலே பார்த்தபடியே கைதட்டினார்கள். அவன் வேய்ந்த கூரைகளுக்கும் பெயர் கெட்டது. ஏணியில் ஆளே இல்லாமல் கீற்று தானாக ஏறுவதைப் பார்த்துவிட்டு எவர்தான் கூலிக்குக் கூப்பிடுவார்கள்? 1976 ஐப்பசியில் தாயாரம்மாளுக்கு மூன்றாம் மாதம். அக்கம்பக்கம் ஒரு மாதிரி பேசியதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறக்கிற குழந்தைக்கு விரல் தெரியுமா தெரியாதா என்ற பயம்தான் அவளைத் தின்றது. தை மாதத்தில் ஒருநாள் அவள் வில்லியனூருக்குப் போய், விற்றதுபோக மீதி மீனையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு, குப்புவின் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிக் கரியமாணிக்கத்துக்கு அழைத்துவந்துவிட்டாள்.

ஆதிமூலம் சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை. தாயாரம்மாள் குப்புவை அவனுக்கு எதிரே உட்கார வைத்து, அவள் வலது கையைப் பிடித்து இழுத்து அவன் முகத்தின்மேல் வைத்தாள்.

"பாக்க வேணாங்கா. தொட்டுப் பாரு. அவ்ளோதான் கேக்கறேன்."

மீன்காரியின் கை அது. முப்பது வருஷமாகத் தொட்டுத்தான் எது காலையில் பிடித்தது, எது நேற்றையது, எது ஐஸில் கிடந்தது என்று சொல்கிற கை. அது முதலில் தயங்கியது. பிறகு தொழிலில் இறங்கிவிட்டது. தாடையை அமுக்கிப் பார்த்தது, இரண்டு வருஷத்துத் தாடியைக் கோதியது, கண்ணுக்குக் கீழே ஈரத்தைத் தொட்டு நின்றது. கழுத்து நரம்பில் இரண்டு விரலை வைத்துக் குப்பு வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஆதிமூலம் மூச்சுவிடாமல் இருந்தான். தன்னை இத்தனை கவனமாக யாரும் பார்த்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"அடப் பாவமே, உசுரு துள்ளுதுடி" என்றாள் குப்பு. "உசுரோட இருக்கிறதயா நான் ரெண்டு வருசமா சாகடிச்சிட்டிருந்தேன்?"

"ஒரே ஒரு வாட்டி பாருக்கா."

"ரெண்டு வருசம், பத்து மாசம். ஒரு ஞாத்திக்கெழம கண்ணை எடுத்ததில்ல. நான் குனியற நேரம் பாத்து அந்த மனுஷன் வந்துட்டாருன்னா?"

"இத்தினி நாளா வராத மனுஷன் அந்த ஒரு காட்சியிலியா வரப்போறாரு?" என்றாள் தாயாரம்மாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள், வேறு எதையும் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. குப்பு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரே ஒரு காட்சிதான்" என்றாள்.

அந்த ஞாயிறு குப்பு முன்வரிசையில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் திரும்பிப் பெண்களிடம் ஏதோ சொன்னாள். அது பின்வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்ததை ஆதிமூலம் மேடை ஓரத்தில் நின்று பார்த்தான். மூன்றரை மணிக்கு விண்கப்பல் காட்சி. பழைய கப்பல் போய்விட்டதால் கட்டிலைக் கவிழ்த்துத் தகரம் அடித்த புதுக் கப்பல் ஒன்று இருந்தது. அதில் ஏறிக் காலை அகட்டி நின்றான். ஓட்டை வழியாக விழுந்த வெயில் அவன் நின்ற இடத்தில் ஒரு பாய் அகலத்துக்குக் கிடந்தது. குப்பு மெதுவாகத் தலையைத் தாழ்த்தினாள். அவள் மோவாய் இறங்க இறங்கக் கொட்டகை முழுவதும் இறங்கியது. சொல்தா பைனாகுலரைக் கீழே இறக்கினார். நானூறு ஜோடிக் கண்ணும் ஒன்றாக அவன்மேல் வந்து விழுந்தன.

முதலில் பலகையில் அவன் நிழல் விழுந்தது. அதற்குப் பிறகு கால் விரல்கள் வந்தன, ஒவ்வொரு நகமாக வந்தது. நீலக் கோட்டு வந்தது. கை வந்தது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கீற்று கிழித்த பழைய தழும்புகூட இருந்த இடத்தில் இருந்தது. யாரோ ஒரு கிழவி, "தோ, வந்துட்டாம்பா, மூக்கும் நல்லாத்தான் இருக்குது" என்றாள். கொட்டகை சிரித்தது. குப்பு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல, உதட்டில் ஒரு சிரிப்போடு பார்த்தாள். அவன் ஆயுசிலேயே அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை. அந்த நேரத்தில் காலடியில் கிடந்த வெயில் மங்கியது.

அவன் நிமிர்ந்தான். கூரை ஓட்டைக்கு நேர் மேலே, இரண்டு ஆள் உயரத்தில், பழைய கப்பல் நின்றது. நல்லெண்ணெய்த் தகரத்தின் அடிப்பக்கம் துருப்பிடித்துக் கறுத்திருந்தது. ஷரீப் பாய் அடித்த ஆணிகூட அவனுக்குத் தெரிந்தது. கரைக்கு வருகிற கட்டுமரம்போலச் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு சம்மந்தம் குனிந்து பார்த்தார். தாடி வளர்ந்து நரைத்திருந்தது, வேறு மாற்றம் இல்லை. அவர் கண் கொட்டகையில் ஒரு முகத்தைத் தேடியது. நானூறு தலையின் வகிடுதான் அவருக்குத் தெரிந்தது. முன்வரிசையில் குப்புவைக் கண்டுபிடித்தார். அவள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று அவள் பார்வை போன வழியிலேயே வந்து, ஆதிமூலத்தின் கண்ணில் நின்றார்.

ஆதிமூலம் ஒன்றும் செய்ய வேண்டாம். புதிதாக வந்த அந்தக் கையைத் தூக்கி ஒரு விரலால் மேலே காட்டினால் போதும். நானூறு தலையும் நிமிர்ந்துவிடும், கப்பல் இறங்கிவிடும். அவன் நிழல் அந்தக் கணமே பலகையிலிருந்து போய்விடும் என்பதும் அவனுக்குத் தெரியும். தாயாரம்மாள் ஓரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கண்ணைத் தாழ்த்தினான். குப்புவின் முகத்துக்கு நேராகப் பார்த்து, "அண்ட சராசரம் அளந்த கப்பித்தான் ககனராஜன் நானே" என்று கணீரென்று சொன்னான்.

காலடியில் வெயில் மறுபடி வந்தது. அவன் மேடையிலேயே விக்கி விக்கி அழுதான். இப்படி ஒரு நடிப்பைச் சம்மந்தத்திடம்கூடப் பார்த்ததில்லை என்று கொட்டகை எழுந்து நின்றது. முதலில் கைதட்டியவள் குப்பு.

மறுநாள் வீராம்பட்டினத்தில் குப்பு கடற்கரைக்குப் போய்த் தாலியைக் கழற்றினாள். செய்ய வேண்டியதையெல்லாம் முறையாகச் செய்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஆதிமூலமே ஏணி போட்டு ஏறி, கூரை ஓட்டையை இரட்டைக் கீற்று வைத்து வேய்ந்தான். வைகாசியில் அவனுக்குப் பத்து விரலும் தெளிவாகத் தெரிகிற பெண் குழந்தை பிறந்தது. தொடர் இன்னும் எட்டு வருஷம் நடந்தது. கப்பித்தான் என்றால் ஆதிமூலம்தான் என்று ஆகிவிட்டது. அவனுக்கு முன்னால் வேறொருவர் இருந்தாராமே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், ஆமாம், அவர் போய்விட்டார் என்று ஊர் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குக் கூரைமேல் தகரம் கீற்றில் உரசுகிற சத்தம் கேட்கும். அணில் என்றார் ஷரீப் பாய். குப்பு ஒரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கூரை முழுசாக இருந்தது, குனிந்து மறுபடி கப்பித்தானைப் பார்த்தாள். சத்தம் நிற்கும்வரை ஆதிமூலம் குரலை உயர்த்திப் பேசுவான். அந்த இடத்தில் கப்பித்தானுக்குக் குரல் ஏறும் என்பது பாகூர்வரை எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்பதற்கென்றே வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.